பத்தாயிரம் வோல்ட்டுக்கு எந்த வழி? ஃபெரைட் கோர் மின்மாற்றி செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அறிவியல் கண்காட்சிக்கான நாள் நெருங்கும்போது, உயர் மின்னழுத்தம் தரும் மின்மாற்றி ஒன்றைத் தாமே செய்ய வேண்டும் என்று சில மாணவர்கள் கிளம்புவார்கள். எந்தக் கோர் (சுருளைச் சுமக்கும் காந்த உள்ளகம்), எத்தனை சுற்று, எந்த டிரான்சிஸ்டர் என்றுதான் அவர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு: எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர், எதற்காக? இவை தீர்மானமாகாமல் எந்த வழி நல்லது என்று பேசுவதில் பயனில்லை. தீப்பொறி நீளமாகப் பாய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், தேவைக்குப் பத்து மடங்கு ஆற்றலுள்ள, ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றைத்தான் கட்டி முடிப்போம்.

ஆகவே இந்தக் கட்டுரைக்கு ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொள்கிறேன். நேரான கண்ணாடிக் குழாய் ஒன்றின் உட்சுவரை ஒட்டி 40 மி.மீ. விட்டமுள்ள கம்பிவலை உருளை. அதன் நடுவில் 0.2 மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறோம். கீழிருந்து சாம்பிராணிப் புகையை ஏற்றுகிறோம். கம்பிக்கும் வலைக்கும் இடையே போதிய மின்னழுத்தம் தந்தால், புகைத்துகள்கள் மின்னூட்டம் பெற்று வலையில் படிந்துவிட, குழாயின் மேல்வாயில் தெளிந்த காற்று மட்டுமே வெளிவரும். எஃப். ஜி. காட்ரெல் என்னும் அமெரிக்க வேதியியலாளர் 1908-ல் காப்புரிமை பெற்ற முறை இது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு முன்னால் சாம்பலைப் பிடித்து நிறுத்துவதும் இதே தத்துவம்தான். இந்த அளவுகளுக்கு, பீக் என்பவரின் சூத்திரப்படி கணக்கிட்டால், கம்பியைச் சுற்றிக் கரோனா மின்னிறக்கம் (காற்று அயனியாகி மெல்ல ஒளிரும் மின்கசிவு) ஏறத்தாழ 6.5 கிலோவோல்ட்டில் தொடங்குகிறது. ஆக 10 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தம் (டி.சி.) தாராளமாகப் போதும். ஒரு சாண் நீளக் குழாய் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியருக்குச் சற்று முன்பின் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு வாட். ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குக்கு ஆகும் மின்திறன்தான் இதற்கும் ஆகிறது. எல்லா வழிகளையும் இந்த ஒரு வாட்டை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

காரைக்குடி மாணவர்களுக்கு மின்சாரத்தின் மற்றொரு முகம் பழக்கமானது. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட ‘செக்ரி’ ஆய்வு நிலையத்தின் துறையான மின்வேதியியலில், மின்னாற்பகுப்புக் கலங்கள் சில வோல்ட்டுகளில் மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கேட்பவை. அங்கே தடித்த செப்புப் பட்டைகளும் இறுகிய இணைப்புகளும்தான் முக்கியம். நாம் இப்போது எடுத்துக்கொண்டது அதற்கு நேர்மாறு: கம்பி மயிரளவு மெலிந்திருந்தாலும் போதும், ஆனால் அந்தக் கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையிலுள்ள காப்புதான் வேலையின் பெரும்பகுதி. இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவரை எந்த வழியை எடுத்தாலும் மின்மாற்றி எரிந்துதான் போகும்.

இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கானான ஃபெரைட் எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். ஒரு சதுர செ.மீ. குறுக்குப் பரப்புள்ள சிலிக்கான் எஃகுத் தகடுகளை 50 ஹெர்ட்சில், 1.2 டெஸ்லா காந்தப் பாய அடர்த்தியில் இயக்கினால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.027 வோல்ட். அந்தக் கோரில் 10,000 வோல்ட் வேண்டுமானால் மூன்றே முக்கால் லட்சம் சுற்றுகள் தேவை. அதே பரப்புள்ள ஃபெரைட் 0.4 டெஸ்லாவுக்கு மேல் நிறைவுற்றுவிடும் என்பதால் 0.2 டெஸ்லாவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அதை 30 கிலோஹெர்ட்சில் இயக்கலாம். சதுர அலையில் ஒரு சுற்றுக்கு 2.4 வோல்ட் கிடைக்கிறது. 12 வோல்ட் முதன்மைச் சுருளுக்கு ஐந்தே சுற்று, 10,000 வோல்ட் தரும் துணைச்சுருளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் சுற்று. கையால் சுற்றக்கூடிய எல்லைக்குள் வேலை வந்துவிடுகிறது.

எஃகுக் கோர் வழிகளில் இரண்டை இங்கேயே விலக்கிவிடுகிறேன். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட்டில் அரை ஆம்பியர் வரை தள்ளக்கூடியது. அதைத் தொட்டவர் பிழைப்பது அரிது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கி வரும் மாணவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டுமே சொல்வேன். நமக்கு வேண்டியது ஒரு வாட். அது தருவது ஆயிரம் வாட். வண்டிகளின் இக்னிஷன் காயில் அவ்வளவு கொடியதில்லை, ஆனால் அது விட்டுவிட்டுத் துடிப்புகளைத் தருவதற்கென்று செய்யப்பட்டது. சீரான நேர்மின்னழுத்தம் கேட்கும் நம் குழாய்க்கு அது பொருந்தாது.

இனி ஃபெரைட் வழிகள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் எல்.ஓ.டி. (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், படக்குழாய்க்கு உயரழுத்தம் தரும் மின்மாற்றி). தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு வீடுவீடாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் இப்போது பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடப்பதால், இதற்குப் பஞ்சமில்லை. டி.வி. மெக்கானிக் கடைகளில் கேட்டாலே பழுதான பலகையோடு எடுத்துத் தருவார்கள். இதன் பெரிய பலம் இதன் துணைச்சுருள்: ஆலையில் வெற்றிடத்தில் பிசின் ஊற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் இறுகச் செய்தது. வீட்டில் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தரத்தை எட்ட முடியாது. 15,625 ஹெர்ட்சில் ஓடி, வண்ணப் படக்குழாய்க்கு 20 கிலோவோல்ட்டுக்கு மேல் தருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதால், 10 கிலோவோல்ட் அதற்குப் பாதிச் சுமைதான்.

வெளியே தெரியும் கோரின் காலில் நம் முதன்மைச் சுருளை ஐந்தாறு சுற்று சுற்றினால் போதும். துணைச்சுருளின் கீழ்முனை எந்தப் பின்னில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல். உள்ளே டையோடுகள் வரிசையாக இருப்பதால் மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் எதுவும் காட்டாது. 24 வோல்ட் அல்லது 30 வோல்ட் பேட்டரி இணைப்பின் நேர்முனையைப் பின் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, சிவப்பு உயரழுத்த ஒயரிலிருந்து வோல்ட்மீட்டர் வழியாக எதிர்முனைக்கு வந்தால், மீட்டர் முள் அசையும் பின்தான் நாம் தேடியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஏதோ ஒரு பின்னை நிலத்தோடு இணைத்துவிட்டு ஓட்டினால், உள்ளேயே தீப்பொறி பாய்ந்து பிசின் கருகி, அந்த எல்.ஓ.டி. அன்றோடு முடிந்துவிடும்.

எல்.ஓ.டி. தருவது நேர்மின்முனை வெளியீடு மட்டுமே. உள்ளிருக்கும் டையோடுகளைத் திருப்ப முடியாது. ஆலைகளின் புகைவடிப்பான்களில் எதிர்மின்முனையைக் கம்பிக்குத் தருவார்கள். தீப்பொறியாக முறியாமல் அதிக மின்னழுத்தம் தாங்குவதே காரணம். ஆனால் நேர்மின்முனையில் ஓசோன் குறைவாக உண்டாகிறது என்பதால், ஆட்கள் அமர்ந்திருக்கும் அறைக்கு அதுவே மேல். கண்காட்சிக் கூடத்தைப் பொறுத்தவரை இது குறையாகாது. உண்மையான குறை வேறு: எல்.ஓ.டி.யைப் பயன்படுத்தும் மாணவர் மின்மாற்றியைச் செய்வதில்லை, கண்டெடுக்கிறார். உள்ளே எத்தனை சுற்று, எத்தனை அடுக்கு, எந்தக் காப்பு என்று ஆய்வாளர் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. பெட்டியிலிருந்து அதைக் கழற்றுவதிலும் ஆபத்து உண்டு. படக்குழாயின் கண்ணாடியே ஒரு மின்தேக்கியாக இருந்து மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழாய் உடைந்தால் உள்ளிருக்கும் வெற்றிடம் கண்ணாடியை உள்ளிழுத்துச் சிதறடிக்கக்கூடும். கழற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, நாலாயிரம் சுற்றுகளையும் தானே சுற்றுவது. ஆர்வமுள்ளவர்களைக் கவர்வதும், மிகுதியாகத் தோல்வியில் முடிவதும் இதுதான். 4,200 சுற்றை அடுக்குக்கு 150 என்று சுற்றினால் 28 அடுக்குகள் ஆகின்றன. ஓர் அடுக்கில் 360 வோல்ட் ஏறுகிறது. அடுக்கை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் சுற்றும்போது, ஒரு பக்கத்து விளிம்பில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே 720 வோல்ட் நிற்கும். வைண்டிங் கம்பியின் எனாமல் பூச்சை மட்டும் நம்பி அதைத் தாங்கவைக்க முடியாது. அடுக்குக்கு அடுக்கு மைலார் என்னும் பிளாஸ்டிக் காப்புத் தாள் போட வேண்டும். அந்தத் தாள் கம்பியின் விளிம்பைத் தாண்டி இருபுறமும் சில மி.மீ. நீண்டிருக்க வேண்டும். 40-ஆம் எண் கம்பி 0.12 மி.மீ.தான், கை சற்றே இறுகினால் அறுந்துவிடும். மோட்டார் வைண்டிங் கடைகளில் இவ்வளவு மெல்லிய கம்பி பெரும்பாலும் இருக்காது, மதுரையிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோதான் கேட்க வேண்டும். ஆனால் மைலார், ஸ்லீவ், வார்னிஷ் எல்லாம் வைண்டிங் கடையிலேயே கிடைக்கும். அங்கே வேலை செய்பவர் தாளை எப்படி மடிக்கிறார், முனைக் கம்பிக்கு ஸ்லீவை எப்படிக் கோக்கிறார் என்று ஒரு பிற்பகல் உடனிருந்து பார்ப்பது எந்தப் பாடநூலையும்விட மேலானது.

சுற்றி முடித்த பிறகும் உள்ளே சிக்கிய காற்று இருக்கிறது. காற்று மி.மீ.க்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்தான் தாங்கும். அடுக்குகளின் இடையே சிக்கிய குமிழியில் கரோனா தொடங்கி, மணிக்கணக்கில் எனாமலை அரித்து, ஒருநாள் துளைத்துவிடும். இதற்காகத்தான் எண்ணெயில் மூழ்கவைக்கிறார்கள். நல்ல டிரான்ஸ்பார்மர் எண்ணெய் 2.5 மி.மீ. இடைவெளியில் 30 கிலோவோல்ட் தாங்க வேண்டும் என்பது சோதனை அளவு. ஆனால் சிறிதளவு ஈரம் ஏறினாலும் அது சரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த எண்ணெயை நம்பக்கூடாது. சில மாணவர்கள் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். தாவர எண்ணெயும் மின்காப்பானதுதான், ஆமணக்கெண்ணெய் உயர் ஆற்றல் மின்தேக்கிகளில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அவை ஈரமும் கசடும் நீக்கப்பட்டவை. அடுப்படி எண்ணெய் அப்படிப்பட்டதன்று, நாளடைவில் சிக்கேறவும் செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலாயிரம் சுற்றுகளுக்கு இடையே உண்டாகும் மின்தேக்குத்திறன் துணைச்சுருளின் தன்னதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். 30 கிலோஹெர்ட்சுக்கு என்று கணக்கிட்ட மின்மாற்றி அந்த அதிர்வெண்ணில் சரியாக ஓடாது, அதை இயக்கும் எம்.ஓ.எஸ்.எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) காரணமில்லாமல் சுடும். அலைநோக்கி இல்லாதவருக்கு இது புரியவே புரியாது.

மூன்றாவது வழியை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன்: துணைச்சுருளில் 1,000 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதியை டையோடு-மின்தேக்கி அடுக்கால் பெருக்குவது. இயற்பியலாளர்கள் காக்கிராஃப்ட்டும் வால்டனும் 1932-ல் அணுக்கருவைப் பிளந்தபோது பயன்படுத்திய மின்னழுத்தப் பெருக்கிதான் இது. ஒரு நிலைக்கு உச்ச மின்னழுத்தத்தின் இரு மடங்கு கிடைப்பதால், ஐந்து நிலைகளில் 10,000 வோல்ட் வந்துவிடும். சுற்ற வேண்டியது 425 சுற்று மட்டுமே. 36-ஆம் எண் கம்பியில் அடுக்குக்கு 85 என்று ஐந்தே அடுக்குகள். அடுத்தடுத்த அடுக்குகளின் விளிம்பில் நிற்பது 410 வோல்ட்டுக்குள். இரண்டு மடிப்பு மைலாரும் வார்னிஷும் போதும், எண்ணெய்த் தொட்டி வேண்டாம்.

கோரை விலை கொடுத்தும் வாங்க வேண்டியதில்லை. பழுதான கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) பெட்டியின் பெரிய மின்மாற்றி ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ. பரப்புள்ளது. (பெட்டியைத் திறக்குமுன், உள்ளே இரண்டு பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.) மின்மாற்றியைப் பலகையிலிருந்து எடுத்து, கொதிநீரில் சற்று நேரம் போட்டுவைத்தால் ஒட்டியிருக்கும் பசை இளகும். துணியால் பிடித்து மெல்ல அசைத்தால் இரண்டு பாதிகளும் பிரிந்து வரும். அவசரப்பட்டுத் திருகினால் ஃபெரைட் பீங்கான் கிண்ணம்போல் விரிசல் விட்டுவிடும். பிரித்த கோரின் மேல் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அழுத்திப் பாருங்கள்: கிலோ ஓம் அளவில் ஒரு மதிப்புக் காட்டும். மாங்கனீஸ்-துத்தநாக ஃபெரைட் மின்கடத்தாப் பொருளன்று என்பதை மாணவர் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. கோரை ஓர் உலோகத் துண்டாகவே கருதி, பாபினும் மைலாரும் இட்டுச் சுருளை அதிலிருந்து பிரிக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் துடிப்புகளை உண்டாக்கும் டி.எல்.494 என்னும் ஐ.சி.யும் இருக்கும், இயக்கியாக அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெருக்கியில் கவனம் வேண்டிய இடம் டையோடு. 1என்4007 எல்லாக் கடையிலும் கிடைப்பதாலேயே அதைப் போட்டுவிடுகிறார்கள். அது 50 ஹெர்ட்சுக்கு உரியது. 30 கிலோஹெர்ட்சில் அணையவேண்டிய நேரத்தில் அணையாமல் பின்னோக்கியும் கடத்தி, சூடாகிச் சாகும். யு.எஃப்.4007 போன்ற வேக டையோடு வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 2,000 வோல்ட் எதிர்த்து நிற்பதால், ஆயிரம் வோல்ட் டையோடுகளை மூன்று மூன்றாகத் தொடரில் இணைக்க வேண்டும். ஆக முப்பது டையோடுகள். மின்தேக்கிகள் 1 நானோ ஃபாரடு, 3 கிலோவோல்ட் பீங்கான் வகை, பத்து. 0.1 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது இந்த அடுக்கில் விழும் மின்னழுத்தம் 320 வோல்ட் அளவுதான். நிலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த வீழ்ச்சி நிலைகளின் முப்படிக்கு ஏற்ப ஏறும் என்பதால், ஐந்தோடு நிறுத்துவதே அறிவுடைமை. எதிர்மின்முனை வெளியீடு வேண்டுமென்றால் டையோடுகளைத் திருப்பிப் போட்டால் போதும், எல்.ஓ.டி.யில் கிடைக்காத சுதந்திரம் இது. பாதுகாப்பிலும் இதற்கே முதலிடம்: பத்து மின்தேக்கிகளும் சேர்ந்து தேக்கி வைக்கும் ஆற்றல் 0.02 ஜூல்தான்.

காலம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. எல்.இ.டி. திரைகள் வருமுன் இருந்த எல்.சி.டி. மானிட்டர்களில், பின்விளக்குக் குழாய்க்கென்று ஓர் இன்வெர்ட்டர் பலகை இருந்தது. சிறிய ஃபெரைட் மின்மாற்றியோடு 600 முதல் 1,000 வோல்ட் வரை சில மில்லி ஆம்பியர் தருவது. அதன் வெளியீட்டில் மேலே சொன்ன பெருக்கியை இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பலகையின் பாதுகாப்பு மின்சுற்று, விளக்கு இல்லை என்று உணர்ந்து நொடிப்பொழுதில் அணைத்துவிடுவதும் உண்டு.

இயக்கும் மின்சுற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2என்3055 ஒற்றை டிரான்சிஸ்டர் அலையியற்றி எளிது, ஆனால் மின்திறனில் பெரும்பங்கை வெப்பமாக்கி வீணடிக்கும். மஸ்ஸில்லி மின்சுற்று என்று அழைக்கப்படும் இரட்டை எம்.ஓ.எஸ்.எஃப்.இ.டி. அமைப்பு திறன்மிக்கது, சூடாகாது, எல்.ஓ.டி.யோடு சேர்த்தால் தடித்த தீப்பிழம்பே பாயும். அதனால்தான் இந்த வேலைக்கு அதை வேண்டாம் என்கிறேன். அது பல ஆம்பியர் இழுத்து, வெளியீட்டில் உயிருக்கு ஆபத்தான மின்னோட்டத்தைத் தள்ளக்கூடியது. இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறிமாறி இயங்கும், டி.எல்.494 கொண்ட தள்ளு-இழு அமைப்பில் அதிர்வெண் நம் கையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: துடிப்பின் அகலத்தைக் குறைத்தாலும் பெருக்கி உச்ச மின்னழுத்தத்திற்கே ஏறிக்கொள்ளும். வெளியீட்டைக் குறைக்க வேண்டுமானால் உள்ளீட்டு வோல்ட்டைத்தான் குறைக்க வேண்டும். ஐ.சி.க்கு 12 வோல்ட்டைத் தனியே தந்து, முதன்மைச் சுருளுக்கு மட்டும் 6 வோல்ட் பேட்டரியில் தொடங்கி 5 கிலோவோல்ட்டில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு 12 வோல்ட்டுக்குப் போவதே முறை. பேட்டரியைத் தவிர வேறெதிலும், குறிப்பாக வீட்டு மின்இணைப்பில், இதை ஓட்டக்கூடாது.

வெளியீட்டில் தொடராக 9.4 மெகா ஓம் தடை கட்டாயம் வேண்டும். ஒற்றைத் தடையாக வைத்தால் அதன்மேலேயே மின்பொறி தாவும். 470 கிலோ ஓம், ஒரு வாட் தடைகள் இருபதைத் தொடரில் இணைத்தால் ஒவ்வொன்றிலும் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்காது, கம்பி வலையைத் தொட்டுவிட்டாலும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். சாதாரண ஓட்டத்தில் இதில் ஒரு கிலோவோல்ட் போனாலும், கம்பிக்கு 8.5 கிலோவோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். இருட்டில் கம்பியை ஒட்டி ஊதா நிற ஒளி தெரிந்து, ‘உஸ்’ என்ற மெல்லிய இரைச்சல் கேட்டால் போதும். தீப்பொறி சொடுக்கினால் கம்பி நடுவில் இல்லை என்று பொருள். மல்டிமீட்டரை நேராக வைத்து அளக்க முயலக்கூடாது. ஆயிரத்துக்கு ஒன்றாகப் பிரிக்கும் உயரழுத்தப் புரோப் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும்.

வீட்டிலே ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து இணைப்பை அணைக்கும் சாதனம்) இருக்கிறது, அதிர்ச்சி ஏற்பட்டால் அதுவே அணைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மின்மாற்றியின் துணைச்சுருள் பக்கத்தில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. நம் பகுதியில் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பதே வழக்கம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, தண்ணீர் தெளித்துத் துடைத்த தரையில் வெறுங்காலோடு நிற்பது நிலத்தோடு இணைந்து நிற்பதற்குச் சமம். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) வைத்து வேலை செய்பவர் உலர்ந்த ரப்பர் விரிப்பின் மேல் நின்று, ஒரு கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகு, நிலத்தோடு இணைத்த ஒயரைக் காய்ந்த பி.வி.சி. குழாயின் நுனியில் கட்டி, வெளியீட்டைத் தொட்டு மின்னிறக்கிய பின்பே எதையும் தொட வேண்டும். செம்மண் தூசு இப்படிப்பட்ட கருவியைத் தேடி வந்து ஒட்டும். அது ஈரத்தோடு சேர்ந்தால் பலகையின் மேலேயே மின்சாரத்துக்குப் பாதை ஆகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மின்னியல் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, பொறியியல் அல்லது பாலிடெக்னிக் மாணவர் செய்வதானால் 425 சுற்றும் ஐந்து நிலைப் பெருக்கியும் என்பதே என் தேர்வு. சுற்றுவதில் விருப்பமின்றிப் புகையைக் காட்டினால் போதும் என்பவர், பாதி மின்னழுத்தத்தில் ஓட்டும் எல்.ஓ.டி.யை எடுத்துக்கொள்ளலாம், அப்போதும் அந்த 9.4 மெகா ஓம் தடையை விட்டுவிடக்கூடாது. ஆண்டு முழுதும் நேரமும் அலைநோக்கியும் உள்ளவருக்கு நாலாயிரம் சுற்று ஒரு நல்ல ஆய்வுத் திட்டம். பள்ளி மாணவர்களுக்கு இவற்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன். நிலைமின்சாரம் உண்டாக்கும் விம்ஷர்ஸ்ட் கருவி இருக்கும் பள்ளியில் அதன் சக்கரத்தைக் கையால் சுழற்றியே சிறிய குழாயில் இதே புகையை அடக்கிக் காட்டலாம். அதன் மின்தேக்கிகளான லெய்டன் சாடிகளைக் கழற்றிவிட்டால் அதில் அஞ்ச வேண்டிய அளவுக்கு மின்னூட்டமும் தேங்காது.